பொட்டோசிக்கு அப்பா அம்மாவோட போறதுன்னா முதல்ல ரூட்டை மாத்துங்க, அப்புறம் சுரங்கத்தைப் பத்திப் பேசலாம்

தென் அமெரிக்கால பொலிவியா நாட்டுல இருக்க பொட்டோசி சேஃபான்னு ஒரே வரில கேட்டிருக்கீங்க, ஆனா அதுக்குக் கீழ போட்டிருக்க பிளானைப் படிச்சா உங்க கேள்வி அது இல்லைன்னு தோணுது. ஜூலை மாசம் நீங்க, வைஃப், 63 வயசு அப்பா, 58 வயசு அம்மா, நாலு பேரும் லா பாஸ்ல ப்ளைட் இறங்கி அன்னைக்கு ராத்திரியே பஸ் ஏறி மறுநாள் விடியக்காலைல பொட்டோசி போய்ச் சேர்றீங்க, அன்னைக்கு மதியமே வெள்ளி மலைக்குள்ள சுரங்க டூர், ரெண்டு ராத்திரி தங்கிட்டு உயூனி உப்புப் பாலைவனம். அப்பாவுக்கு சுகரும் பிபியும் இருக்கு, மலை நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கிட்டா சமாளிச்சிடலாமான்னு கேக்குறீங்க. அதாவது மாத்திரையை வச்சு நாலு நாளை மிச்சம் பிடிக்க முடியுமா, அப்பாவை சுரங்கத்துக்குள்ள கூட்டிட்டுப் போகலாமா, இதுதான் நீங்க உண்மையிலேயே கேக்குறது. முதல் கேள்விக்கு என் பதில் முடியாது. ரெண்டாவதுக்கு, அப்பா வேண்டவே வேண்டாம், நீங்களும் வைஃபும் போறதுன்னா யோசிச்சுட்டுப் போங்க.

நான் ஆர்மில டாக்டரா இருந்தவன், லடாக் பக்கம் சில வருஷம் போஸ்டிங், ரிடையர் ஆனப்புறம் பொலிவியா போய் பொட்டோசிலயும் தங்கியிருக்கேன். அதனால ஹைட் விஷயத்துல தைரியமா பேசுவேன், சுரங்க இன்ஜினியரிங்ல இல்ல. உங்க அப்பாவை நான் பார்த்ததில்ல, அவர் ஈசிஜி, கிட்னி டெஸ்ட் எதுவும் என் கையில இல்ல, அதனால இதை மருந்துச்சீட்டா எடுத்துக்காதீங்க, உங்க டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்க வச்சுக்கோங்க.

முதல்ல ஹைட். பொட்டோசி ஊரே கிட்டத்தட்ட 4,090 மீட்டர்ல இருக்கு, நம்ம கணக்குல 13,400 அடிக்கு மேல. லடாக்ல இருக்க லே ஊர் 3,500 மீட்டர்தான், அங்க ப்ளைட்ல போய் இறங்குறவங்களையே ரெண்டு நாள் சும்மா படுத்திருங்கன்னு சொல்லுவோம். ஆர்மில ரூல் என்னன்னா, 9,000 அடில இருந்து 12,000 அடி வரைக்கும் உள்ள இடத்துக்குப் போற ஜவானுக்கு ஆறு நாள் பழக்கம் குடுக்கணும், அதுக்கு மேல 15,000 அடி வரைக்கும் போகணும்னா இன்னும் நாலு நாள். இது இருபது இருபத்தஞ்சு வயசுல தினம் ஓடுற பசங்களுக்குப் போட்ட ரூல். பொட்டோசி அந்த ரெண்டாவது கட்டத்துல வருது, நீங்க அதை ஒரு பஸ் ராத்திரில முடிக்கப் பாக்குறீங்க. லா பாஸ்ல இறங்கினா கொஞ்சம் பழகிடுமேன்னு நினைச்சிருப்பீங்க, ஆனா நீங்க இறங்கப்போற எல் ஆல்டோ ஏர்போர்ட்டே 4,061 மீட்டர், அதாவது பழக்கமே இல்லாம நேரா பொட்டோசி ஹைட்லதான் கதவு திறக்குது.

அங்க காத்துல ஆக்சிஜன் பர்சன்ட் குறையல, அதே 21தான், ஆனா காத்தோட அழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல 60 சதவீதம் சொச்சம்தான். நீங்க இழுக்குற ஒவ்வொரு மூச்சுலயும் ஊர்ல கிடைக்கிறதுல மூணுல ரெண்டு பங்கு கூட வராது. உடம்பு இதைச் சரிக்கட்ட வேகமா மூச்சு வாங்கும், கிட்னி வழியா ரத்தத்தோட காரத்தன்மையைச் சரி பண்ணும், அந்த வேலைக்கு நாள் கணக்குல டைம் வேணும், மணிக்கணக்குல நடக்காது. ஃபிட்னெஸ் இதுல உதவாதுங்கிறதையும் சொல்லிடுறேன், ஏன்னா நீங்க ஜிம் போறதா எழுதியிருக்கீங்க. லேல நான் பார்த்த நுரையீரல் நீர்க்கோவை கேஸ்ல கணிசமான பேர் நல்ல கட்டுமஸ்தான பசங்க. தலைவலின்னு சொன்னா கேலி பண்ணுவாங்கன்னு சொல்லாம, வந்த மறுநாளே வாலிபால் ஆடிட்டு, ரெண்டாவது ராத்திரி இருமல்ல நுரையோட வருவான். வயசானவங்க மெதுவா நடப்பாங்க, அதனாலயே தப்பிச்சிடுவாங்க.

அதனால ரூட்டைத் திருப்பிப் போடுங்க. ப்ளைட் லா பாஸ்க்குப் பதிலா சாண்டா குரூஸ்ல இறங்குற மாதிரி பாருங்க, அது 400 மீட்டர்தான். அங்கிருந்து சுக்ரேக்கு உள்ளூர் ப்ளைட் இருக்கு, சுக்ரே ஊர் 2,800 மீட்டர் சுமாருக்கு. அங்க மூணு ராத்திரி தங்குங்க, முடிஞ்சா நாலு. அழகான ஊர், வெள்ளையடிச்ச வீடுங்க, நல்ல வெயில், அம்மாவுக்கு கண்டிப்பா பொட்டோசியை விட அதுதான் பிடிக்கும்னு பந்தயமே கட்டுவேன். அப்புறம் பஸ்ல மூணு, மூணரை மணி நேரத்துல பொட்டோசி. அங்கிருந்து உயூனி நாலு மணி நேரம், அது 3,650 மீட்டர், இறக்கம்தான். லா பாஸை கடைசியா வச்சுக்கோங்க. மூவாயிரம் மீட்டருக்கு மேல தூங்குற ஹைட்டை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்கன்னு பொதுவா சொல்லுவாங்க, சுக்ரேல இருந்து பொட்டோசி அதை மீறுதுதான், அதனால இந்த ரூட்லயும் தலைவலியே வராதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா உங்க பிளானுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அப்பாவுக்கு இன்னொரு வழியும் இருக்கு: சுக்ரேல தங்கிக்கிட்டு காலைல கார் வச்சு பொட்டோசி வந்துட்டு சாயங்காலமே இறங்கிடறது. ஆறேழு மணி நேரம் ரோட்டுல போகும், அலுப்புதான், ஆனா உடம்பு கணக்கு பாக்குறது நீங்க எங்க தூங்குறீங்கன்னுதான். ஒரு விஷயம், பொலிவியால ரோட்டை மறிச்சு உட்கார்ற போராட்டம் அடிக்கடி நடக்கும், கிளம்பறதுக்கு முந்தின நாள் ஹோட்டல்ல கேட்டுக்கோங்க, ரிடர்ன் டிக்கெட்டுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா விட்டு வைங்க.

மாத்திரைக்கு வருவோம். டயமாக்ஸ், அதாவது அசெட்டசோலமைடு, உண்மையிலேயே வேலை செய்யுற மருந்து, இதுல சந்தேகம் இல்ல. வழக்கமா 125 மில்லிகிராம் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ஏறுறதுக்கு முந்தின நாள் ஆரம்பிச்சு மேல போய் ரெண்டு மூணு நாள் வரைக்கும். நம்ம ஊர்ல 250தான் கிடைக்கும், பாதியா உடைச்சுக்கணும். விரல் நுனி, உதடு எல்லாம் மரத்துப்போன மாதிரி குறுகுறுக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும், கோலா குடிச்சா சப்புன்னு இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனா இது உடம்பு பழகுறதை வேகப்படுத்துற மருந்துதானே ஒழிய பழக்கத்துக்குப் பதில் இல்ல. கிட்னி வீக்கா இருக்கிறவங்க, சல்ஃபா மருந்து போட்டு கடுமையான அலர்ஜி வந்தவங்க, தினம் அதிக டோஸ் ஆஸ்பிரின் எடுக்குறவங்க டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது. அப்பா பிபிக்கு ஏற்கெனவே நீர் பிரிய வைக்கிற மாத்திரை சாப்பிட்டா ரெண்டும் சேர்ந்து பொட்டாசியத்தைக் குறைச்சிடும், அதையும் கேளுங்க.

அப்பாவோட சுகர் மாத்திரை பேர் எழுதல. அது டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைன்னா கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கட்டாயம் பேசணும், ஏன்னா மேல போனா பசிக்காது, சாப்பாடு குறையும், தண்ணி குறையும், அந்த நேரத்துல இந்த மருந்து ரத்தத்துல அமிலத்தை ஏத்திவிடலாம், சுகர் ரீடிங் நார்மலா காட்டிட்டு இருக்கும்போதே. குளுக்கோமீட்டரும் குளிர்லயும் ஹைட்லயும் சிலது தப்பா காட்டும், ஜாக்கெட் உள்பாக்கெட்ல வச்சுக்கோங்க. இன்சுலின் இருந்தா அதுவும் உள்பாக்கெட்தான், ஜூலை ராத்திரி அங்க ஜீரோவுக்குக் கீழ போகும், பழைய வீட்டு ஹோட்டல்ல ஹீட்டர் இருக்கான்னு கேட்டுட்டு புக் பண்ணுங்க. பிபி முதல் சில நாள் ஏறித்தான் காட்டும், அதைப் பார்த்துட்டு நீங்களா டோஸை ஏத்தாதீங்க. அவருக்கு ஸ்டென்ட், நெஞ்சுவலி, குறட்டையோட மூச்சு நிக்கிற பிரச்சனை இதுல ஏதாவது இருந்து எழுதாம விட்டிருந்தா, என் பதில் சுக்ரேயோட நிறுத்துங்கங்கிறதுதான்.

போன முதல் ராத்திரி யாருக்காவது தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தா அது சாதாரண மலை நோய், பாரசிட்டமால் போட்டுட்டு அங்கேயே ரெஸ்ட் எடுத்தா பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல அடங்கிடும். பக்கத்துல படுத்திருக்கவர் தூக்கத்துல பத்து செகண்ட் மூச்சே விடாம கிடந்துட்டு, திடீர்னு நாலஞ்சு பெருமூச்சு வாங்குவார், அதைப் பார்த்து பதறி எழுப்ப வேண்டாம், அந்த ஹைட்ல அது சகஜம். தூக்க மாத்திரை, சரக்கு ரெண்டும் முதல் ரெண்டு நாள் கூடாது. ஆனா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, இருமல் விடல, குடிச்சவன் மாதிரி தள்ளாடி நடக்குறார், பேச்சு குழறுது, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, ஆக்சிஜன் குடுத்து அந்த நேரமே டாக்ஸி பிடிச்சு சுக்ரே இறங்கணும். சுகர்காரருக்கு குழப்பமா இருந்தா லோ சுகரான்னும் ஒரு தடவை குத்திப் பாருங்க. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் எடுத்துட்டுப் போறேன்னு சொல்லியிருக்கீங்க, சரி, ஆனா ஊர்ல 98 காட்டுனது அங்க 86, 87 காட்டும், அதுக்கே அலறாதீங்க, விரல் ஜில்லுன்னு இருந்தா இன்னும் கம்மியா காட்டும். நம்பரை விட ஆளைப் பாருங்க.

கோகா இலை பத்தி எல்லாரும் கேப்பாங்க. அங்க சட்டப்படி ஓகே, ஹோட்டல்லயே டீயா குடுப்பாங்க, குடிங்க, சூடா நல்லாத்தான் இருக்கும். மலை நோயைத் தடுக்குதாங்கிறதுக்கு உருப்படியான ஆதாரம் கம்மி, அந்த ஊர்க்காரங்க நூற்றாண்டு கணக்கா மெல்றாங்கங்கிறதையும் நான் ஒதுக்கல, ஆனா அவங்க பரம்பரையா அங்கேயே பொறந்து வளர்ந்தவங்க. ஒரு கப் குடிச்சாலே சிறுநீர் டெஸ்ட்ல கொக்கெய்ன் பாசிட்டிவ் வரலாம், திரும்பினதும் ஆபீஸ்ல ட்ரக் டெஸ்ட் இருக்கிற வேலைன்னா யோசிங்க.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் போகணும்னா, போகலாம், கண்டிப்பா போகலாம். 1545ல செர்ரோ ரிக்கோங்கிற அந்த மலைல வெள்ளி கிடைச்சு, எதுவும் விளையாத அந்தக் குளிர்ல ஒரு ஊர் முளைச்சு, 17ம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஒன்றரை லட்சம் பேருக்கு மேல இருந்ததா சொல்ற அளவுக்கு வளர்ந்துச்சு. நல்ல தாது தீர்ந்து ஊர் படுத்துக்கிட்ட நேரத்துல, 1570கள்ல பிரான்சிஸ்கோ டி டொலேடோங்கிற ஸ்பெயின் வைஸ்ராய் ரெண்டு வேலை பண்ணாரு. பெருவுல இருக்க ஹுவான்காவெலிகால இருந்து பாதரசம் கொண்டுவந்து, அரைச்ச தாதுல கலந்து வெள்ளியைப் பிரிக்க வச்சாரு. அரைக்கிற மில்லுக்கு மலைக்கு மேல ஏரிங்க வெட்டி தண்ணி கொண்டுவந்தாங்க, அதுல ஒரு அணை 1626ல உடைஞ்சு ஊரையே அடிச்சிட்டுப் போச்சு. இன்னொண்ணு மிட்டா: பதினாறு மாகாணத்துப் பூர்வகுடி ஆம்பளைங்கள்ல ஏழுல ஒருத்தர் முறை வச்சு வந்து வேலை செய்யணும்னு கட்டாயம், வருஷத்துக்கு 13,000 பேருக்கு மேல. கைடு உங்ககிட்ட இந்த மலை 80 லட்சம் பேரைத் தின்னுதுன்னு சொல்லுவார், போர்டுலயும் பார்ப்பீங்க. அந்த நம்பருக்கு ஆவண ஆதாரம் கிடையாது, வரலாற்று ஆசிரியர்கள் ஏத்துக்கிறதும் இல்ல. பாதரச ஆவி, தூசு, சரிவுன்னு ஏராளமான பேர் செத்தது மட்டும் நிச்சயம், அதுக்கு நம்பரை ஊதிப் பெருசாக்கத் தேவையே இல்லைன்னு நான் நினைக்கிறேன்.

ஒரே ஒரு இடம் பார்க்க டைம் இருந்தா பழைய நாணயச்சாலை போங்க, காசா டி லா மொனேடா. 1750கள்ல ஆரம்பிச்சு 1773ல முடிச்ச கட்டடம், ஒரு தெரு அளவுக்கு இருக்கும். மாடில ஸ்பெயின்ல இருந்து வந்த மர உருளை மெஷின், ஆள் உயரத்துக்கு மேல பல்சக்கரம், அதோட தண்டு தரையைத் துளைச்சுக்கிட்டு கீழ போகுது, கீழ் அறைல கோவேறு கழுதைங்க வட்டமா நடந்து அதைச் சுத்துமாம். கல்லு கட்டடம், உள்ள வெளிய விடக் குளிரும், வெயில் அடிக்குதேன்னு ஸ்வெட்டரை ஹோட்டல்ல வச்சிட்டுப் போகாதீங்க. இதுக்கு முன்னாடி இருந்த நாணயச்சாலைல 1640கள்ல வெள்ளியோட செம்பைக் கூடக் கலந்து பெரிய மோசடி நடந்து, பொட்டோசி காசுன்னாலே உலகம் முழுக்க வியாபாரிங்க வாங்க மறுத்து, அதுல சம்பந்தப்பட்ட கோமெஸ் டி லா ரோச்சாவைக் கொன்னே போட்டாங்க. நம்ம பக்கத்துக்கும் இதுல ஒரு கோடு வருது. சோழமண்டலக் கரைல துணி வாங்க ஐரோப்பிய கம்பெனிங்க கப்பல்ல கொண்டுவந்தது பெரும்பாலும் ரியால்ங்கிற ஸ்பானிஷ் வெள்ளி நாணயம்தான், அது மெட்ராஸ்லயே உருக்கப்பட்டிருக்கு. அதுல எவ்வளவு பொட்டோசி, எவ்வளவு மெக்சிகோன்னு பிரிக்கிறது கஷ்டம்.

இப்ப சுரங்கம். ஒண்ணை மனசுல வச்சுக்கோங்க, அது மியூசியம் இல்ல. ஆயிரக்கணக்கான பேர் இன்னைக்கும் வேலை பார்க்குற இடம், 1985ல டின் விலை விழுந்து அரசாங்கச் சுரங்கம் கைவிட்டதுக்கு அப்புறம் கூட்டுறவு சங்கங்கள் கையில ஓடுது, இப்ப எடுக்குறது துத்தநாகமும் ஈயமும் வெள்ளியும் கலந்த தாது. பதினெட்டு வயசு ஆகாத பசங்களும் உள்ள வேலை பார்க்குறாங்க. ஐந்நூறு வருஷமா குடைஞ்சதுல மலை உச்சியே உள்வாங்குது, 2011ல உச்சில பள்ளம் விழுந்துச்சு, 2014ல யுனெஸ்கோ ஆபத்துல உள்ள பாரம்பரிய இடம்னு லிஸ்ட்ல சேர்த்துச்சு. டூர் எப்படின்னா, முதல்ல சுரங்கக்காரங்க சந்தைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அங்க பொட்டிக்கடை மாதிரி கடைல கோகா இலை பை, ஜூஸ் பாட்டில், 96 சதவீத ஆல்கஹால், பக்கத்துலயே திரியோட டைனமைட், எல்லாத்தையும் சாதாரணமா அடுக்கி வச்சிருப்பாங்க. உள்ள இருக்கவங்களுக்கு நீங்க ஏதாவது வாங்கிட்டுப் போகணும், ஜூஸும் இலையும் வாங்குங்க, டைனமைட் வாங்கி வெளிய வெடிச்சுக் காட்டச் சொல்ற வேடிக்கையெல்லாம் வேண்டாம். உள்ள போனா முதுகை நிமிர்த்த முடியாது, காத்துக் குழாய் காலடில சீறும், தண்டவாளத்துல ஒரு டன் தாதோட வண்டி வரும்போது கைடு கத்துவார், சுவத்தோட ஒட்டிக்கணும். வாசல்ல ஐஸ் இருக்கும், ஆழம் போகப் போக முப்பத்தஞ்சு டிகிரி வேர்க்கும். ஒரு குடைவுல கொம்பு வச்ச டியோ சிலை, வாயில சிகரெட், மடியில இலை, பூமிக்குள்ள அவர் ராஜ்யம்னு சுரங்கக்காரங்க அவருக்குப் படைக்கிறாங்க. வாயில அதக்கின இலையில சாறு போனா இத்தனை மணி நேரம் ஆச்சுன்னு அவங்களுக்குக் கணக்கு.

ரெண்டு மணி நேரம் உள்ள போய்ட்டு வந்தா சிலிக்கோசிஸ் வந்துடுமான்னு உங்க வைஃப் கேட்டதா எழுதியிருக்கீங்க. வராது, அது வருஷக்கணக்கா தூசு மூச்சுல போய் வர்ற நோய், அங்க வேலை பார்க்குறவங்க உயிரைத்தான் அது வாங்குது. ஆனா ஆஸ்துமா இருந்தா அன்னைக்கே இழுக்கும். எனக்கு அதைவிட பயம் கார்பன் மோனாக்சைடு. வெடி வச்சப்புறம் அது குடைவுல தேங்கும், வாசனை கிடையாது, ஏற்கெனவே ரத்தத்துல ஆக்சிஜன் கம்மியா இருக்க ஆளை அது சீக்கிரம் சாய்ச்சிடும். நான் பார்த்த வரைக்கும் எந்த கைடு கையிலயும் கேஸ் டிடெக்டர் இல்ல. அதனால அப்பா வேண்டாம், அம்மாவுக்கு மூட்டு வலின்னு சொல்லியிருக்கீங்க, அவங்களும் வேண்டாம், அவங்க நாணயச்சாலை பார்த்துட்டு கலாபுர்க்கா சாப்பிடட்டும், மக்காச்சோள மாவு சூப்புல பழுக்கக் காய்ச்சின கல்லைப் போட்டு டேபிள்லயே கொதிக்கக் கொதிக்கக் குடுப்பாங்க. கறி இருக்கும், சைவம்னா முன்னாடியே கேக்கணும். நீங்களும் வைஃபும் போறதுன்னா பொட்டோசில முதல் ராத்திரி நல்லா தூங்கி, தலைவலி இல்லாம எழுந்தா மட்டும் மறுநாள் போங்க, முன்னாள் சுரங்கத் தொழிலாளிங்களே நடத்துற டூரா பாருங்க, என்-95 மாஸ்க் இங்கிருந்தே கொண்டு போங்க, முடியலைன்னா பாதில திருப்பிக் கூட்டிட்டு வருவீங்களான்னு காசு குடுக்குறதுக்கு முன்னாடி கேளுங்க, மழுப்பினா வேற ஆளைப் பாருங்க. ஞாயித்துக்கிழமை வேலை பெரும்பாலும் நடக்காது, தூசும் வெடியும் கம்மி. மனுஷங்க கஷ்டப்படுறதைக் காசு குடுத்துப் பார்க்கலாமாங்கிறது உங்க மனசைப் பொறுத்தது. நான் ஒரு தடவை போனேன், இன்னொரு தடவை போக மாட்டேன்.

ஊர்ல நடக்கும்போது ஏத்தத்துல பாதிலயே நின்னுடுவீங்க, ஜன்னல் கடைல எதையோ பார்க்குற மாதிரி நடிங்க, நாங்க எல்லாரும் அதைத்தான் பண்ணோம். கடைசியா பேப்பர் வேலை. பொலிவியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் லிஸ்ட்ல இருக்கு, பொட்டோசி ஹைட்ல அந்தக் கொசு கிடையாது, ஆனா சாண்டா குரூஸ் பக்கம் உண்டு, அதோட திரும்பி இந்தியால இறங்கும்போது தடுப்பூசி கார்டு இல்லைன்னா ஆறு நாள் வரைக்கும் தனியா வச்சிடுவாங்க. ஊசி போட்டு பத்து நாள் ஆனாத்தான் கார்டு செல்லும், சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க. 60 வயசுக்கு மேல முதல் தடவை இந்த ஊசி போடுறதுல ரிஸ்க் கொஞ்சம் கூடுதல், அப்பாவுக்குப் போடலாமான்னு அங்கேயே டாக்டர்கிட்ட பேசுங்க. கோகா டீ பாக்கெட்டை ஞாபகார்த்தமா பெட்டில வைக்காதீங்க, இங்க அது போதைப்பொருள் சட்டத்துல வருது. அப்பா சாப்பிடுற மாத்திரை பேரும் கடைசியா எடுத்த கிரியேட்டினின் (கிட்னி டெஸ்ட்) ரிசல்ட்டும் கீழ போட்டீங்கன்னா, டாக்டர்கிட்ட எதைக் குறிப்பா கேக்கணும்னு எழுதுறேன்.